மன்னிப்பு கேட்க எத்தனை நாள் வேண்டும்?

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போகும் சாலை மாந்தோப்புகளையும் கொட்டகுடி ஆற்றையும் ஒட்டியே மேற்கே போய் மலையடிவாரத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் நடைதான். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இந்தப் பக்கம்தான் இறங்கி வந்தது. இன்றைக்கு அதே சரிவில் ஏலக்காய், காப்பி, மிளகு இறங்குகிறது. சனி, ஞாயிறுகளில் முதுகில் பையோடு நகரத்துப் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் கொழுக்குமலைக்கு ஏறிய இரண்டு குழுக்கள் அன்று இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது, அதில் பெரும்பாலோர் பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலம் வந்தது. காய்ந்த புல் ஆளுயரம் நின்ற சரிவில் தீ பரவியது. காற்று வேறு. ஓட இடமில்லை. முதலில் மேலேறிப் போய்த் தூக்கியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். பிறகு வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை ஹெலிகாப்டர்கள். சம்பவ இடத்திலும், பிறகு பல நாட்கள் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்தக் கட்டுரை தீயைப் பற்றியது அல்ல. தீக்குப் பிறகு வந்த வார்த்தைகளைப் பற்றியது.

அடுத்த சில நாட்களில் என்னென்ன வந்தது என்று யோசித்துப் பாருங்கள். சென்னைக் குழுவை அனுப்பிய சென்னை டிரெக்கிங் கிளப் ஒரு விளக்கம் தந்தது. கிளம்பியபோது மலையில் தீ இல்லை, கீழே விவசாயிகள் புல்லுக்கு வைத்த தீ காற்றில் பரவிவிட்டது என்பது அதன் சாரம். அரசுத் தரப்பு ஒரு விளக்கம் தந்தது. அவர்கள் போன பாதைக்கு அனுமதியே இல்லை என்பது அதன் சாரம். அனுமதி இல்லையென்றால் சோதனைச் சாவடியைத் தாண்டி எப்படிப் போனார்கள் என்று பத்திரிகைகள் கேட்டன. ஒரு வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை அறிவிக்கப்பட்டது. இரங்கல் எல்லாரிடமிருந்தும் வந்தது. நிவாரணத் தொகையும் வந்தது.

யார் மேல் எவ்வளவு தவறு என்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விஷயம். அதை இங்கே தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த வாரம் வந்த வார்த்தைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். எல்லாமே "நடந்ததற்குக் காரணம் வேறு ஒருவர்" என்று முடிகிற வாக்கியங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவற்றைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

விளக்கம், வருத்தம், மன்னிப்பு

தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆனால் நிறுவனங்களின் அறிக்கைகளில் மூன்றும் குழம்பிவிடுகின்றன.

விளக்கம் என்பது என்ன நடந்தது என்று சொல்வது. வருத்தம் என்பது நடந்ததற்கு மனம் நோவது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் யாரும் வருத்தம் தெரிவிக்கலாம், அதற்குப் பொறுப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. மன்னிப்பு அப்படியல்ல. "இதில் என் பங்கு இது" என்று சொன்னால்தான் அது மன்னிப்பு. "இந்தச் சம்பவத்தால் யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று ஒரு வாக்கியம் எல்லா அறிக்கையிலும் வரும். அதில் "ஆல்" என்ற ஓர் எழுத்துக்கூட்டு போதும், பொறுப்பு முழுவதும் கேட்பவரின் மனசுக்குப் போய்விடும். அடித்தவன் "வலித்திருந்தால் மன்னிக்கவும்" என்று சொல்வது போலத்தான் இது!

ஏன் இந்தத் தயக்கம்? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, வக்கீல். "ஒப்புக்கொண்டால் அதையே நீதிமன்றத்தில் காட்டுவார்கள், வாயைத் திறக்காதீர்கள்" என்பார். அவர் வேலையை அவர் செய்கிறார்.

இரண்டாவது, நம்பிக்கை. நாலு நாள் பொறுத்தால் வேறு செய்தி வந்துவிடும், மக்கள் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பல நேரங்களில் இது பலித்தும் விடுகிறது என்பதுதான் சோகம்.

மூன்றாவது, கௌரவம். நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். "நாம் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லையே, பிறகு எதற்கு மன்னிப்பு?" என்று அவருக்குத் தோன்றுகிறது. எண்ணம் வேறு, விளைவு வேறு. கால் தெரியாமல் பட்டாலும் தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிற ஊர் இது. தெரிந்தா மிதித்தேன் என்று வாதாடிவிட்டு யாரும் கும்பிடுவதில்லை.

பக்கத்து மலையில் பதினைந்து வருடம்

தாமதத்துக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். குரங்கணிக்கு வடகிழக்கே கொடைக்கானல் இருக்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களில் கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. தெர்மாமீட்டருக்குப் பாதரசம் வேண்டும். 2001 மார்ச்சில், ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதைக் காட்டினார்கள். தொழிற்சாலை அந்த வருடமே மூடப்பட்டது. கழிவு வெளியே போனது தங்கள் நடைமுறைக்கு மாறானது என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2003இல் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. ஆனால் தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு எதுவும் இல்லை என்ற நிலையில் நிறுவனம் உறுதியாக நின்றது. தொழிலாளர்கள் நீதிமன்றப் படியேறினார்கள்.

2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பாடகி ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். லண்டனில் இருந்த தலைமைச் செயல் அதிகாரியே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் கையெழுத்தானது. அதுவும் மனிதாபிமான அடிப்படையிலான தொகை என்ற பெயரில்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2001இலிருந்து 2016 வரை பதினைந்து வருடம். இந்தப் பதினைந்து வருடத்தில் நிறுவனம் மிச்சப்படுத்தியது என்ன? வக்கீல் செலவு போனது. பெயர் போனது. கடைசியில் பணமும் கொடுத்தது. காத்திருந்த தொழிலாளிக்கோ பணம் வந்தது, பதினைந்து வருடம் திரும்பி வரவில்லை.

வேகமாகச் செய்தவர்கள்

இதற்கு நேர் எதிர் உதாரணம் மேலாண்மைப் பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். கடையில் இருந்த புட்டிகளில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் தவறு அல்ல அது. "எங்கள் தொழிற்சாலையில் எதுவும் நடக்கவில்லை" என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் நாடு முழுவதும் இருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பிறகு யாராவது திறந்தால் தெரிந்துவிடும்படியான மூடியோடு திரும்பி வந்தது. இன்றைக்கு மருந்துப் புட்டியின் வாயில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, அந்தப் பழக்கம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் நாட்டில் 2003 அக்டோபரில் மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டது. தீபாவளி நேரம் வேறு. நிறுவனத்தின் முதல் பதில், கடைக்காரர்கள் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்பது. அதிகாரிகள் விடவில்லை. உறை சரியாக இருந்தால் புழு எப்படி உள்ளே போகும் என்று கேட்டார்கள். விற்பனை சரிந்தது. அதன் பிறகுதான் நிறுவனம் வழிக்கு வந்தது. 2004 தொடக்கத்தில் காற்றுப் புகாத புது உறை வந்தது. கடைக்காரர்களுக்கு எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் வந்தார். அமிதாப் வந்ததால் சாக்லேட் விற்றது என்று சொல்வார்கள். உறை மாறாமல் அமிதாப் மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தாமதமான மன்னிப்பின் இன்னொரு பக்கத்தை 2017 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் காட்டியது. விமானத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பயணியை இழுத்துப் போட்டு இறக்கினார்கள். உலகமே வீடியோவில் பார்த்தது. முதல் அறிக்கையில் பயணிகளை வேறு விமானத்துக்கு "மாற்றி அமர்த்த" வேண்டி வந்ததற்கு மன்னிப்பு கேட்டார் தலைமை அதிகாரி! அடுத்து ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் பயணியையே குறை சொன்னார். மறுநாள்தான் யாரையும் இப்படி நடத்தக்கூடாது என்று முழு மன்னிப்பு வந்தது. மூன்றாவது அறிக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் இரண்டும் வராமல் அதுவே முதலில் வந்திருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள். இரண்டு நாள் தாமதம்தான். ஆனால் அந்த இரண்டு நாளில் ஒரு நிறுவனம் உண்மையில் என்ன நினைக்கிறது என்பது வெளியே தெரிந்துவிட்டது.

வேகம் மட்டும் போதுமா?

இதுவரை படித்தவர்கள், அப்படியானால் சீக்கிரம் மன்னிப்பு கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல்.

2021 அக்டோபரில் சென்னை வாடிக்கையாளர் ஒருவர் சொமாட்டோவில் சாப்பாடு கேட்டார். ஒரு அயிட்டம் வரவில்லை. உதவி மையத்தில் அரட்டையில் பேசிய ஊழியர், இந்தி தேசிய மொழி, அது எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி எழுதிவிட்டார். தமிழ்நாட்டில் சொல்லக்கூடிய வார்த்தையா அது! ட்விட்டர் பற்றிக்கொண்டது. நிறுவனம் ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "வணக்கம் தமிழ்நாடு" என்று தொடங்கித் தமிழிலேயே அறிக்கை வந்தது. மன்னிப்பு இருந்தது. செயலியைத் தமிழில் கொண்டுவருகிறோம், கோவையில் உதவி மையம் அமைக்கிறோம் என்ற தகவலும் இருந்தது. பாடப்புத்தகத்தில் சொன்ன எல்லாமும் இருந்தது.

கூடவே இன்னொன்றும் இருந்தது. அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்பது.

சில மணி நேரத்தில் நிறுவனர் வந்து அந்த ஊழியரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டதாக அறிவித்தார். கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இருக்கும் இளைஞர்கள் அவர்கள், இதற்காக வேலையை விட்டு அனுப்ப வேண்டியதில்லை என்பது அவர் வாதம். எல்லாரும் கொஞ்சம் சகிப்போடு இருக்க வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு மறுபடியும் ஒரு சுற்று சண்டை நடந்தது.

சண்டையை விடுங்கள். அந்த ஊழியரை நினைத்துப் பாருங்கள். இந்தி தேசிய மொழி என்பது அவர் கண்டுபிடித்த பொய்யா? பள்ளியில் யாரோ சொல்லிக் கொடுத்தது. தமிழ் தெரியாதவரைத் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தது யார்? நிறுவனம். ஆனால் மன்னிப்பின் விலையைக் கொடுக்க முதலில் அனுப்பப்பட்டவர் சம்பளப் பட்டியலின் அடியில் இருந்தவர். காலையில் வேலை போனது, மதியம் வந்தது. நிறுவனம் மாலைக்குள் நல்ல பெயர் வாங்கிவிட்டது.

இப்போது குரங்கணிக்குத் திரும்பிப் பாருங்கள். அங்கேயும் முதலில் நடவடிக்கைக்கு ஆளானவர் ஒரு வனச்சரகர். அவர் கடமையில் தவறினாரா இல்லையா என்பது வேறு கேள்வி. ஆனால் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் தெளிவாக இல்லாமல் இருந்தது எத்தனை வருடமாக? அந்தக் கேள்விக்கான பதில் ஒரு சரகருடைய மேசையில் இருக்க வாய்ப்பில்லையே. தவறு நடந்த உடனே ஒருவரைக் கைகாட்டுவது வேகமான மன்னிப்பு போலத் தெரியும். உண்மையில் அது மன்னிப்பைத் தவிர்க்கும் மிக வேகமான வழி.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் "மறக்குமா நெஞ்சம்" நிகழ்ச்சி நடந்தது. இடத்துக்கு மீறிய கூட்டம். டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டை மறுநாள் எல்லாரும் எழுதினார்கள். மேடை ஏற்பாடு, டிக்கெட், வாகன நிறுத்தம் எதுவும் ரஹ்மானுடைய வேலை அல்ல. ஏற்பாட்டு நிறுவனம் தன் பொறுப்பு என்று அறிவித்தது. ஆனால் ரஹ்மானும் மறுநாளே, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலோடு தங்கள் குறையை எழுதி அனுப்பச் சொன்னார். எல்லாரும் விழித்துக்கொள்ளத் தானே பலியாடாக இருந்துவிட்டுப் போகிறேன் என்ற பொருளில் எழுதினார். பணத்தைத் திருப்பித் தரும் வேலையும் தொடங்கியது.

கூட்டத்தில் நசுங்கியவர்களின் கோபம் அதனால் மறைந்துவிடவில்லை. மறைய வேண்டியதும் இல்லை. ஆனால் சொமாட்டோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறதா? அங்கே மேலே இருந்தவர் கீழே இருந்தவரைக் கைகாட்டினார், பிறகு திருத்திக்கொண்டார். இங்கே மேலே இருந்தவர் முதலிலேயே தன் தலையைக் கொடுத்தார். பலியாடு யார் என்பதில்தான் மன்னிப்பின் தரம் இருக்கிறது.

உண்மை தெரியாமல் எப்படிக் கேட்பது?

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. முதல் நாளில் யாருக்கும் முழு உண்மை தெரியாது. தெரியாமலே மன்னிப்பு கேட்டால் செய்யாத தவறை ஏற்றுக்கொண்டது போல ஆகாதா?

2015இல் மேகி நூடுல்ஸில் ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று நாடு முழுவதும் தடை வந்தது. நெஸ்லே நிறுவனம் தன் பொருள் பாதுகாப்பானது என்றே சொல்லிவந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து மறுபடி சோதிக்கச் சொன்னது. நவம்பரில் மேகி கடைக்கு வந்துவிட்டது. அப்படியானால் நெஸ்லே மன்னிப்பு கேட்காதது சரிதானே?

ஒரு வகையில் சரிதான். செய்யாததை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் முதல் சில வாரங்கள் நிறுவனம் பெரிதாக வாய் திறக்கவில்லை என்பதுதான் அப்போது எழுந்த குற்றச்சாட்டு. அம்மாக்கள் கேட்ட கேள்வி ஆய்வகக் கேள்வி அல்ல. "நேற்று பிள்ளைக்குக் கொடுத்தேனே, அதற்கு என்ன?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை.

ஆக, முதல் நாள் மன்னிப்பு என்பது முழுக் குற்றத்தையும் ஏற்றுக்கொள்வது அல்ல. தெரிந்ததைச் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, தன் கையில் இருந்ததில் எது தவறியது என்று சொல்வது, பாதிக்கப்பட்டவர் இப்போது யாரிடம் போக வேண்டும் என்று சொல்வது. இதற்கு விசாரணைக் கமிஷன் தேவையில்லை.

அதே மாதிரி, தெரிந்தே வருகிற தவறுகளும் உண்டு. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகின. சென்னை உட்பட எல்லா விமான நிலையங்களிலும் மக்கள் பெட்டியோடு தரையில் கிடந்தார்கள். விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புது விதி நவம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தது. அந்த விதி வரப்போவது நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம். தலைமை அதிகாரியின் வீடியோ மன்னிப்பு டிசம்பர் 5ஆம் தேதி வந்தது. சில நாள் தாமதம் என்று சொல்லலாம். ஆனால் உண்மையான தாமதம் அந்த வாரத்தில் நடந்தது அல்ல, அதற்கு முந்தைய மாதங்களில் நடந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பவர் எவ்வளவு வேகமாகப் பிடித்தாலும் வால்தான் கிடைக்கும்.

வக்கீல் சொன்ன பயத்துக்கும் உலகில் மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2002இல் வந்த சட்டம், விபத்து போன்ற வழக்குகளில் மன்னிப்பு கேட்டதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் மருத்துவத் தவறுகளுக்கு இப்படிப்பட்ட பாதுகாப்பு இருக்கிறது. இந்தியாவிலும் இப்படி ஒரு சட்டம் வந்தால் நல்லது. மன்னிப்பு கேட்கிறவன் தண்டனையிலிருந்து தப்பிக்க அல்ல. கேட்காமல் இருக்க ஒரு சாக்கு குறையும் என்பதற்காக.

குரங்கணிக்குச் சேர வேண்டிய வார்த்தை

தீக்குப் பிறகு நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2018லேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டம் தொடங்கியது. நாற்பது பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். அதில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் உண்டு. மலை தெரிந்த ஊர்ப்பிள்ளைகள் முன்னால் நடக்க, பின்னால் நகரத்துப் பிள்ளைகள் போகிறார்கள். அன்றைக்கும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

விதிகளும் ஒரு வகை மன்னிப்புதான், செயலால் கேட்கும் மன்னிப்பு. ஆனால் வாயைத் திறக்காமல் செய்த திருத்தத்தில் ஒரு குறை இருக்கிறது. முன்பு இருந்தது தவறு என்று அது சொல்வதில்லை. "இனி பாதுகாப்பாக இருக்கும்" என்கிறது. "அன்று பாதுகாப்பாக இல்லை, அதற்கு நாங்களும் காரணம்" என்று சொல்வதில்லை. பறிகொடுத்தவர்களுக்கு வேண்டியது இரண்டாவது வாக்கியம்.

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. வியாபாரி மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்து, பருமனும் நிறமும் பார்த்துத்தான் விலை சொல்கிறார். மாதிரி ஒன்றாகவும் மூட்டை வேறாகவும் இருந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தொழிலில் இருக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு மூட்டையின் நஷ்டத்தோடு அது நிற்காது. அடுத்த வாரம் அதே ஆளின் காய்க்கு யார் கை வைப்பார்கள்? "தவறிவிட்டது, மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று அன்றைக்கே சொல்பவன் பிழைத்துக்கொள்வான். வாங்கிப் போனவன் சரியாகக் காய வைக்கவில்லை என்று சொல்பவன் பிழைக்க மாட்டான். எந்த வியாபாரப் பள்ளியிலும் படிக்காமலே மலையடிவாரத்துக்குத் தெரிந்த விஷயம் இது.

பெரிய நிறுவனங்களுக்கும் அமைப்புகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் மட்டும் இது ஏன் கடினமாக இருக்கிறது? அவர்களுக்கு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவருகிறவனின் முகம் தெரிவதில்லை. அறிக்கை எழுதுகிறவர் ஓர் ஊரில், பாதிக்கப்பட்டவர் இன்னோர் ஊரில். நடுவே வக்கீல், விளம்பர ஆலோசகர், செய்தித் தொடர்பாளர். இத்தனை பேரைத் தாண்டி வருவதற்குள் "தவறு செய்துவிட்டோம்" என்ற இரண்டு சொல் வாக்கியம் இளைத்துத் தேய்ந்து "வருந்தத்தக்க நிகழ்வு" ஆகிவிடுகிறது.

2018 மார்ச் 11 அன்று மாலை, எந்த அறிக்கையும் வருவதற்கு முன்னால், குரங்கணி ஊர்க்காரர்கள் சரிவில் ஏறினார்கள். போர்வையில் தூக்கி, டோலி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். யார் அனுமதி கொடுத்தது, யார் தீ வைத்தது என்று அவர்கள் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. பொறுப்பே இல்லாதவர்கள் பொறுப்பை எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பொறுப்பு இருப்பவர்களுக்கு எத்தனை நாள் வேண்டும்?